பிரம்பு நினைவிருக்கிறது, பாடம் நினைவில்லை

(திரையில்: வளைந்த பிளாஸ்டிக் பிடி போட்ட மெல்லிய பிரம்பு. பின்னால் வெறும் சுவர்.)

வணக்கம். இதைப் பார்த்ததுமே உங்களில் சிலருக்குக் கெண்டைக்கால் கூசியிருக்கும். எழுபதுகளிலும் எண்பதுகளிலும் சிங்கப்பூரில் வளர்ந்தவர்களுக்கு அறிமுகமே வேண்டாம். புளோக் கீழே இருந்த மளிகைக் கடையில், விளக்குமாற்றுக்கும் வாளிக்கும் பக்கத்தில் கொத்தாகத் தொங்கும். நமக்குப் பிரம்பு, பக்கத்து வீட்டு மலாய்க்காரர்களுக்கு ரோத்தான். அங் மோ கியோவில் எங்கள் மூவறை வீட்டில், முருகன் படம் போட்ட நாள்காட்டியும் அதுவும் ஒரே ஆணியில் தொங்கின. தேதி பார்க்கப் போனால் அதையும் பார்த்துவிட்டுத்தான் வர வேண்டும்.

1982. எனக்கு ஒன்பது வயது, தொடக்கநிலை மூன்று. அரையாண்டுத் தேர்வு முடிந்து ரிப்போர்ட் புக் வீட்டுக்கு வந்தது. ஒரு பாடத்தில் சிவப்பு மை. அப்பா கையெழுத்துப் போட வேண்டும். அவருக்கு செம்பவாங்கில் ஷிப்யார்டில் வெல்டர் வேலை, வீடு திரும்ப இரவு எட்டாகும். அம்மா தொழிற்சாலையில் மாலை ஷிப்ட். அதுவரை எங்களைப் பார்த்துக்கொண்டது பக்கத்து வீட்டு மக்சிக், அதாவது மலாய்க்கார அத்தை. அவரும் லேசுப்பட்டவர் இல்லை. தட்டில் ஒரு பருக்கை மிச்சம் வைத்தாலும் எழுந்திருக்க விடமாட்டார். ஆனால் அன்றைக்கு நான் சோற்றைத் தொடவே இல்லை. மக்சிக் என் முகத்தைப் பார்த்தார், பையைப் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் தட்டை எடுத்துக்கொண்டு போனார்.

அப்பா வந்தார். புத்தகத்தைப் பிரித்துப் பார்த்தார். மூன்று அடி.

பிரம்பு காற்றைக் கிழிக்கிற சத்தம், அவர் சட்டையில் இருந்த இரும்புப் புகை வாடை, நான் குனிந்து பார்த்துக்கொண்டிருந்த மொசாய்க் தரையின் கறுப்பு வெள்ளைச் சில்லுகள். இன்றைக்குக் கேட்டாலும் வரைந்து காட்டுவேன். ஆனால் சிவப்பு மை எந்தப் பாடத்தில்? எவ்வளவோ யோசித்துவிட்டேன். தெரியவில்லை.

எதற்காக அடி விழுந்ததோ அது மட்டும் எப்படி மறந்துபோகும்?

(திரையில்: மூளையின் கோட்டுப்படம். உள்ளே சிறிய பகுதி ஒன்று ஒளிர்கிறது.)

நம் மூளைக்குள், பாதாம் பருப்பு வடிவத்தில் அமிக்டலா என்றொரு பகுதி இருக்கிறது. பயம் வந்தால் உடம்பில் அட்ரினலின் சுரக்கிறது, அமிக்டலா விழித்துக்கொள்கிறது, அந்தக் கணத்தை ஆழமாகப் பதியச் சொல்லி மற்றப் பகுதிகளைத் தூண்டுகிறது. பாம்பைக் கண்ட இடத்தை மறக்காதவன்தான் பிழைப்பான், அதற்காக அமைந்த ஏற்பாடு இது. ஆனால் பயம் எல்லாவற்றையும் ஒரே அளவில் பதிவதில்லை. கண் எதில் குத்திட்டு நிற்கிறதோ அதைத்தான் பதிகிறது.

1987-இல் உளவியலாளர் எலிசபெத் லாஃப்டஸும் உடன் பணியாற்றியவர்களும் ஒரு சோதனை செய்தார்கள். உணவுக் கடை வரிசையில் ஒருவர் நிற்கும் படங்களைக் காட்டினார்கள். சிலருக்குக் காட்டிய படத்தில் அவர் காசாளரிடம் காசோலையை நீட்டுகிறார், மற்றவர்களுக்குக் காட்டியதில் துப்பாக்கியை நீட்டுகிறார். துப்பாக்கியைப் பார்த்தவர்களின் கண்கள் அதிலேயே நின்றன. மற்ற விவரங்கள் அவர்களுக்கு அவ்வளவாக நினைவில் இல்லை.

ஒன்பது வயதுப் பையனுக்கு அந்தத் துப்பாக்கி எதுவென்று நான் சொல்ல வேண்டியதில்லை. அப்பா சொல்ல வந்தது 'படி' என்பதை. என் மூளை எடுத்துக்கொண்டது பிரம்பை.

இன்னொன்று. நினைவு தெளிவாக இருப்பதாலேயே அது சரியாக இருக்கும் என்றில்லை. மூன்று அடி என்று நான் சத்தியம் செய்வேன். "ரெண்டுதான்டா, நான் கதவுகிட்டதானே நின்னேன்" என்கிறாள் அக்கா.

அப்பா ஏன் அப்படி இருந்தார் என்பதையும் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் இது பாதிக் கதை. 1979-இல் அப்போதைய துணைப் பிரதமர் கோ கெங் சுவீ தலைமையிலான குழுவின் கல்வி அறிக்கை வந்தது. அதன் பிறகு தொடக்கநிலை மூன்றின் முடிவிலேயே பிள்ளைகளைப் பிரித்தார்கள். நன்றாகச் செய்தவர்களுக்கு ஆறாண்டுப் படிப்பு. மற்றவர்களுக்கு அதே தொடக்கநிலை எட்டு ஆண்டுகள், அதிலும் ஒரு பிரிவு ஒரே மொழியோடு நேராகத் தொழிற்பயிற்சிக்குப் போகும். ஒன்பது வயதில்! கப்பலின் வயிற்றுக்குள் வெந்துகொண்டிருந்த ஒரு மனிதருக்கு, தன் மகனும் அங்கேயே வந்து நின்றுவிடுவானோ என்ற பயம் இருந்திருக்காதா? இன்றைக்கு அந்தப் பிரிவுகள் இல்லை. தொடக்கநிலை ஒன்றிலும் இரண்டிலும் தேர்வே இல்லை, 2023-இலிருந்து தொடக்கநிலை, உயர்நிலை வகுப்புகள் எதிலும் அரையாண்டுத் தேர்வு இல்லை. அப்பாவின் காலத்தில் அந்தச் சிவப்பு மை ஒரு தீர்ப்பு மாதிரி.

அதனால் அடித்தது சரியா? இல்லை. 'அடியாத மாடு படியாது' என்று கேட்டு வளர்ந்தவன்தான் நானும். 2016-இல் எலிசபெத் கெர்ஷாஃப், ஆண்ட்ரூ குரோகன்-கெய்லர் என்ற இரு ஆய்வாளர்கள், பிள்ளைகளை அடிப்பது பற்றிய 75 ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தார்கள். 1,60,000-க்கும் மேற்பட்ட பிள்ளைகள். அடி வாங்கிய பிள்ளைகளிடம் முரட்டுத்தனமும் மனச்சுமையும் கூடுதலாகத் தெரிந்தன, அடியால் பிள்ளை திருந்தியதற்கான தடயம் கிடைக்கவில்லை. மாட்டுக்கு எப்படியோ, பிள்ளைக்கு அந்தப் பழமொழி பொருந்தாது. என் பிள்ளைகளை நான் அடித்ததில்லை. அப்பாவின் பயம் எனக்குப் புரிகிறது. பிரம்பை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை.

(திரையில்: மொசாய்க் தரை. மேலே ஒரு சிறிய எண்ணெய்க் கிண்ணம்.)

அந்த இரவைப் பற்றி அக்கா சொல்லித்தான் ஒன்று எனக்குத் தெரியும். நான் தூங்கிய பிறகு அப்பா வந்து உட்கார்ந்து என் காலில் தேங்காய் எண்ணெய் தடவினாராம். வெகுநேரம். அவளுக்கு அன்று பன்னிரண்டு வயது, அடி வாங்காதவள், விழித்துக்கொண்டு பக்கத்துப் பாயில் படுத்திருந்தாள். அது என் நினைவில் இல்லவே இல்லை. அவள் மட்டும் அன்று தூங்கியிருந்தால் அந்த எண்ணெய் யாருக்குமே தெரியாமல் போயிருக்கும்.

இந்த வீடியோவுக்காக அப்பாவிடம் கேட்டேன். அவருக்கு எண்பது தாண்டிவிட்டது, இன்னமும் அதே வீடுதான்.

"1982-ல ரிப்போர்ட் புக் பார்த்துட்டு என்னை அடிச்சீங்களே, ஞாபகம் இருக்காப்பா?"

ரொம்ப நேரம் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அடிச்சேனா? ஞாபகம் இல்லப்பா." கொஞ்சம் பொறுத்து, "கணக்குல 47 வாங்கியிருந்த."