எவ்வளவு ஆபத்து என்று நினைக்கிறாய்?

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

இன்றைக்கு ஒரு கேள்வித்தாளைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் 1975 முதல் ஆண்டுதோறும் பள்ளி வகுப்பறைகளுக்குக் கொண்டுபோகிற கேள்வித்தாள் அது. முதலில் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் மட்டும் எழுதினார்கள். 1991-லிருந்து எட்டாம் வகுப்பும் பத்தாம் வகுப்பும் சேர்ந்துகொண்டன. குடித்திருக்கிறாயா, சிகரெட் பிடித்திருக்கிறாயா, கஞ்சா இழுத்திருக்கிறாயா, எத்தனை முறை என்று அதில் கேட்பார்கள்.

அதோடு இன்னும் இரண்டு கேள்விகள் உண்டு. இதைப் பழக்கமாக வைத்திருப்பவர் தனக்கு எவ்வளவு கேடு தேடிக்கொள்கிறார் என்று நினைக்கிறாய்? வேண்டுமென்றால் இது உனக்கு எவ்வளவு சுலபமாகக் கிடைக்கும்? வளரும் பிள்ளைகளைப் பற்றிக் கவலைப்படுகிற ஒவ்வொருவரும் இந்த இரண்டு கேள்விகளுக்கும் வந்த பதில்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்பது என் எண்ணம்.

1978-க்குப் போவோம். அந்த ஆண்டு பன்னிரண்டாம் வகுப்பில் ஏறக்குறைய ஒன்பது பேரில் ஒருவர், தினமும் என்று சொல்லும் அளவுக்குக் கஞ்சா புகைத்தார். தொடர்ந்து புகைத்தால் பெரிய ஆபத்து என்று சொன்னவர்கள் நூற்றுக்கு 35 பேர்தான். 1991-இல் அப்படிச் சொன்னவர்கள் 79 பேர். தினமும் புகைத்தவர்களோ நூற்றுக்கு இரண்டு பேராகக் குறைந்துவிட்டார்கள்.

சரி, போலீஸ் கெடுபிடியில் சரக்கு கிடைக்காமல் போயிருக்கும் என்று நினைக்கத் தோன்றும். இல்லை. அந்த ஆண்டுகள் முழுவதும் நூற்றுக்கு எண்பதுக்கும் மேற்பட்ட பிள்ளைகள், கஞ்சா வேண்டுமென்றால் சுலபமாகக் கிடைக்கும் என்றே எழுதினார்கள். கையெட்டும் தூரத்தில் இருந்தும் அவர்கள் கை நீட்டவில்லை. இதை முதலில் படித்தபோது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. பிள்ளைகளால் யோசித்து ஒதுங்க முடியும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது.

கொக்கைன் கதை இன்னும் அழுத்தமானது. 1986 ஜூன் மாதம், லென் பயஸ் என்ற 22 வயதுக் கூடைப்பந்து வீரரைப் பாஸ்டன் செல்டிக்ஸ் அணி தேர்ந்தெடுத்தது. அந்த ஆண்டுத் தேர்வில் நாட்டிலேயே இரண்டாவது இடம். இரண்டே நாளில் கொக்கைனால் அவர் இறந்துபோனார். இரும்பு மாதிரி உடம்பு. கொக்கைனால் அழிகிறவர்கள் அதிலேயே ஊறிப்போனவர்கள்தான், நமக்கென்ன என்று அதுவரை நினைத்திருந்த பிள்ளைகளுக்கு அந்தச் சாவு ஒரு அடி. ஒன்றிரண்டு முறை தொட்டுப் பார்ப்பதே பெரிய ஆபத்து என்று சொன்னவர்கள் 1986-இல் நூற்றுக்கு 34 பேர், மறு ஆண்டே 48 பேர். பயன்பாடு அப்போது இறங்கத் தொடங்கியது. முந்தைய பன்னிரண்டு மாதங்களில் கொக்கைன் எடுத்ததாகச் சொன்னவர்கள் 1986-இல் நூற்றுக்கு 13 பேர் அளவில் இருந்தார்கள். 1992-இல் மூன்று பேர். அங்கேயும் சரக்குக்குத் தட்டுப்பாடு வந்துவிடவில்லை.

அப்புறம் என்ன ஆயிற்று? அங்கேதான் மனசு கனக்கிறது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில், இதெல்லாம் ஆபத்து என்ற எண்ணம் தளர ஆரம்பித்தது. கஞ்சா மீண்டும் ஏறியது. எழுபதுகளோடு போய்விட்டது என்று நினைத்திருந்த எல்எஸ்டி என்ற மாயத்தோற்றம் காட்டும் போதைப்பொருளும் திரும்பி வந்தது. இந்த ஆய்வைத் தொடக்கத்திலிருந்து நடத்தியவர்களில் ஒருவரான லாயிட் ஜான்ஸ்டன் இதற்குத் ‘தலைமுறை மறதி’ என்று பெயர் வைத்தார். ஒரு தலைமுறை தன் நண்பன் சீரழிவதைக் கண்ணால் பார்த்துக் கற்றுக்கொள்கிறது. பயன்பாடு குறைகிறது. குறைந்ததாலேயே அடுத்து வருகிறவர்கள் கண் முன்னால் அப்படி யாரும் இல்லை. செய்தித்தாளும் பேசுவதை நிறுத்திவிடுகிறது. வீட்டிலும் பேச்சில்லை. தாங்களே அந்த வயதில் கஞ்சா புகைத்த அப்பா அம்மாக்களுக்கு, எந்த முகத்தோடு பிள்ளையிடம் பேசுவது என்ற தயக்கம் வேறு. அந்தத் தயக்கம் எனக்குப் புரிகிறது. ஆனால் அதன் விலையைப் பிள்ளை கொடுக்கிறது.

புதிதாக ஒன்று வரும்போதும் இதே கதைதான். வேப் என்கிற மின் சிகரெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். சிகரெட்டை அந்த நாட்டுப் பிள்ளைகள் கிட்டத்தட்டக் கைவிட்டிருந்தார்கள். 1976-இல் பன்னிரண்டாம் வகுப்பில் நூற்றுக்கு 29 பேர் அளவுக்குத் தினமும் புகைத்தார்கள். இன்று இரண்டு மூன்று பேருக்கு மேல் இல்லை. அந்த நேரம் பார்த்துப் பழ வாசனையோடு வேப் வந்தது. 2017-இல் முந்தைய ஒரு மாதத்தில் நிகோட்டின் வேப் இழுத்தவர்கள் நூற்றுக்கு 11 பேர், அடுத்த ஆண்டு 21 பேர். இந்த ஆய்வின் வரலாற்றில் எந்தப் பொருளும் ஒரே ஆண்டில் அப்படி ஏறியதில்லை. அது வெறும் வாசனைதான் என்று நம்பி இழுத்த பிள்ளைகள் ஏராளம்.

ஆனால் எண்ணம் மாறினால் பழக்கமும் மாறும் என்ற கணக்கு எப்போதும் பொருந்துவதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். கடந்த இருபது ஆண்டுகளில் கஞ்சாவை ஆபத்து என்று நினைக்கும் பிள்ளைகள் வெகுவாகக் குறைந்துவிட்டார்கள். பழைய கணக்குப்படி கஞ்சா பயங்கரமாக ஏறியிருக்க வேண்டும். ஏறவில்லை. சிகரெட்டையே தொடாமல் வளர்ந்த பிள்ளை கஞ்சாவுக்குப் போவது குறைவு என்பதும், மாலையில் நண்பர்களோடு வெளியே சுற்றுவது குறைந்ததும் காரணமாக இருக்கலாம். கொரோனா ஆண்டான 2021-இல் எல்லாப் பழக்கமும் சரிந்தது, அதன்பிறகும் பழைய உயரத்துக்குத் திரும்பவில்லை. 2024-இல் பன்னிரண்டாம் வகுப்பில் நூற்றுக்கு 67 பேர், முந்தைய ஒரு மாதத்தில் மது, கஞ்சா, நிகோட்டின் மூன்றையும் தொடவில்லை என்றார்கள். 2017-இல் அது 53.

இவ்வளவு நல்ல செய்திக்கு நடுவில்தான் இன்னொரு கணக்கு வருகிறது. 2019-இல் 14 முதல் 18 வயதுக்குள் போதைப்பொருள் அளவு மீறி இறந்த அமெரிக்கப் பிள்ளைகள் 492 பேர். 2020-இல் 954 பேர். பயன்பாடு ஏறாதபோதே சாவு இரு மடங்கு ஆகிறது. காரணம் ஃபெண்டானில் என்ற, துளி அளவிலேயே உயிரைப் பறிக்கக்கூடிய செயற்கை வலி மருந்து. வலி மாத்திரை மாதிரியும் பதற்றத்துக்கான மாத்திரை மாதிரியும் அச்சு அசலாகச் செய்த போலி மாத்திரைக்குள் அது இருக்கிறது. செல்போனில் செய்தி அனுப்பினால் வீட்டு வாசலுக்கே வந்துவிடும். அப்படி மாத்திரை வாங்கி இறந்த பிள்ளையிடம் ஃபெண்டானில் ஆபத்தா என்று கேட்டிருந்தால், பெரிய ஆபத்து என்றுதான் சொல்லியிருக்கும். ஆனால் தன் உள்ளங்கையில் இருப்பது அதுதான் என்று அதற்குத் தெரியாது.