மைனஸ் 40 டிகிரியில் திருநெல்வேலி: எந்த ஓபிடி ஸ்கேனரை வாங்கலாம்?

வணக்கம் நண்பர்களே. இன்றைக்கு நான் எரிச்சலோடுதான் கேமராவை ஆன் செய்திருக்கிறேன்; அதற்குக் காரணம் என் கையில் இருக்கும் இந்தப் பில். நகரத்தில் ஒரு ஒர்க்‌ஷாப்பில், பெயர் வேண்டாம், 'ஸ்கேனிங் கட்டணம் 1,200 ரூபாய்' என்று தனியாக ஒரு வரி போட்டிருக்கிறார்கள். நம் வெள்ளைக் காரைத் தொடர்ந்து பார்த்து வருகிறவர்களுக்கு அதன் வயதும் தெரியும், அதற்குச் செலவு செய்ய நான் எவ்வளவு யோசிப்பேன் என்பதும் தெரியும். நான்குநேரி தாண்டி வரும்போது செக் எஞ்சின் விளக்கு எரிந்தது. வண்டி ஓட்டத்தில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஒர்க்‌ஷாப்பில் ஓபிடி ஸ்கேனரை, அதாவது காரின் கணினி பதிந்து வைத்த கோளாறுகளைப் படிக்கும் கருவியைச் செருகினார்கள், பி0113 என்று ஒரு குறியீடு வந்தது, கருவியைக் கழற்றினார்கள். சென்சார் போய்விட்டது, கூலியோடு 3,900 ரூபாய் ஆகும் என்றார்கள். எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்று கேட்டதற்கு, "ஸ்கேனரே சொல்கிறது சார்" என்று பதில் வந்தது.

ஸ்கேனர் அப்படிச் சொல்லவில்லை. அதைத்தான் இந்த வீடியோ முழுவதும் சொல்லப் போகிறேன், ஏனென்றால் எந்த ஸ்கேனரை வாங்குவது என்ற கேள்விக்கான விடையும் அதற்குள்ளேயே இருக்கிறது. பி0113 என்றால், எஞ்சினுக்குள் போகும் காற்றின் வெப்பத்தை அளக்கும் சென்சாரின் மின்சுற்றில் வோல்டேஜ் அளவுக்கு மேல் இருக்கிறது என்று பொருள். சுற்று என்றால் சென்சார் மட்டும் இல்லை. கனெக்டர், இரண்டு ஒயர்கள், மறுமுனையில் இருக்கும் இசியு, அதாவது எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி, எல்லாமே அதில் அடங்கும். இந்தச் சென்சார், குளிர் கூடினால் மின்தடையும் கூடுகிற வகையைச் சேர்ந்தது. ஒயர் எங்காவது அறுந்துவிட்டால் தடை எல்லையற்றுப் போகும். இசியுவுக்குக் காற்று தாங்க முடியாத குளிர் என்றுதான் தோன்றும். அதனால், அறுந்த ஒயரும் கெட்டுப்போன சென்சாரும் ஒரே குறியீட்டைத்தான் தரும்.

வீட்டுக்கு வந்ததும் போனோடு இணையும் குட்டி ஸ்கேனரான என்னுடைய அடாப்டரைக் காரின் சாக்கெட்டில் செருகி, போன் ஆப்பில் லைவ் டேட்டா பக்கத்தை, அதாவது சென்சார்கள் அந்த நொடியில் தரும் எண்களைக் காட்டும் பக்கத்தைத் திறந்தேன். வெளியே நண்பகல் வெயில். ஓடி வந்த எஞ்சினின் கூலன்ட் 88 டிகிரி. உள்ளிழுக்கும் காற்று மைனஸ் 40 டிகிரி என்று திரையில் அசையாமல் நின்றது. மாஞ்சோலையில் மார்கழி மாதத்தில்கூட யாரும் கண்டிராத குளிர், பாளையங்கோட்டையில் என் பானெட்டுக்குள் இருக்கிறதாம்! மைனஸ் 40 என்பது அந்த அளவுகோலின் அடிமட்டம். அது அசையாமல் நின்றால் சுற்று திறந்து கிடக்கிறது என்று அர்த்தம், குளிருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அடுத்து, சென்சாரின் கனெக்டரைக் கழற்றி, அதன் இரண்டு முனைகளையும் ஒரு சிறு ஒயரால் இணைத்துப் பார்த்தேன். ஒயரிங் நன்றாக இருந்தால் அந்த எண் உடனே நூறு டிகிரிக்கு மேல் தாவியிருக்க வேண்டும். அப்போது சென்சார்தான் குற்றவாளி. தாவவில்லை, மைனஸ் 40 அப்படியே நின்றது. ஆக, ஒயர்தான்.

இங்கே ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: இந்தச் சோதனை, என் காரில் இருப்பதுபோலத் தனியாக இரண்டு ஒயரோடு வரும் சென்சாருக்கு மட்டும்தான். பல கார்களில் வெப்பச் சென்சாரும் அழுத்தச் சென்சாரும் ஒரே உடலுக்குள் நான்கு முனைகளோடு வருகின்றன. அதில் ஒரு முனையில் 5 வோல்ட் வந்துகொண்டிருக்கும். அங்கே குத்துமதிப்பாக எதையும் எதோடும் இணைக்காதீர்கள்.

ஏர் ஃபில்டர் பெட்டிக்குப் பின்னால் ஒயர்க்கட்டைச் சுற்றியிருந்த கறுப்பு டேப்பைத் தடவிக்கொண்டே போனால், ஓரிடத்தில் டேப் பிய்ந்து, ஒயரின் செம்பு இழைகள் பல் பட்டு நைந்து கிடந்தன. எலி. வண்ணார்பேட்டையில் நமக்கு வழக்கமாக வேலை பார்க்கும் எலெக்ட்ரீஷியன் அண்ணாச்சி, ஒயரை ஒட்டுப்போட்டு, ஸ்லீவ் மாட்டி, 150 ரூபாய் வாங்கிக்கொண்டார். திரையில் காற்றின் வெப்பம் 41 டிகிரி என்று மாறியபோது எனக்கு வந்த சந்தோஷத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

இப்போது கருவிக்கு வருகிறேன். குறியீட்டை மட்டும் படித்துக் காட்டுகிற மலிவுக் கருவி ஒன்று என்னிடம் இருந்திருந்தால், அந்த ஒர்க்‌ஷாப்காரர் சொன்னதையே அதுவும் எனக்குச் சொல்லியிருக்கும். எனவே வாங்கும்போது முதலில் கேட்க வேண்டியது, லைவ் டேட்டா காட்டுமா, ஃப்ரீஸ் ஃப்ரேம் காட்டுமா என்பதுதான். ஃப்ரீஸ் ஃப்ரேம் என்றால், கோளாறு பதிவான நொடியில் வேகம், ஆர்பிஎம், கூலன்ட் வெப்பம் எல்லாம் எவ்வளவு இருந்தன என்று இசியு எடுத்து வைத்துக்கொள்ளும் குறிப்பு. பெட்டியின் மேல் பெரிதாக அச்சடித்திருக்கும் 'ஆயிரக்கணக்கான குறியீடுகளுக்கு விளக்கம்' என்ற விளம்பரத்துக்கு ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகக் கொடுக்காதீர்கள். அந்த விளக்கங்கள் இணையத்தில் இலவசமாகக் கிடக்கின்றன.

நானூறு, ஐநூறு ரூபாய்க்குக் கிடைக்கும் நீல நிறக் குட்டி ப்ளூடூத் அடாப்டர்களைப் பற்றித்தான் அதிகம் கேட்கிறீர்கள். அவற்றின் மேல் ஈஎல்எம்327 என்று எழுதியிருக்கும். அது கனடாவின் எல்ம் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனம் வடிவமைத்த சிப்பின் பெயர். அந்த நிறுவனம் 2022-இல் மூடப்பட்டுவிட்டது. நம் கைக்கு வருபவை ஏறக்குறைய எல்லாமே நகல்கள். 'வெர்ஷன் 1.5' என்று போட்டிருந்தால் சிரித்துக்கொள்ளுங்கள், எல்ம் நிறுவனம் அப்படியொரு வெர்ஷனை வெளியிடவே இல்லை, 1.4-க்குப் பிறகு 2.0-க்குப் போய்விட்டது. 2.1 என்று போட்டவை அதைவிடப் புதியவை என்று நினைத்து வாங்குகிறார்கள். அவற்றில் பலவற்றில் தேவையான கட்டளைகளே விடுபட்டிருக்கும். நகல் என்பதாலேயே தூக்கி எறிய வேண்டும் என்று நான் சொல்லவில்லை. சமீபத்திய காரில், குறியீடு படிக்கவும் அழிக்கவும் அது போதும். எண்கள் மெதுவாக வரும், இணைப்பு நடுவில் அறுந்து போகும், அவ்வளவுதான். பழைய கார்தான் சிக்கல்: இப்போதைய கார்களில் இருக்கும் கேன் என்ற தொடர்பு முறை இல்லாமல், கே-லைன் என்ற பழைய முறையில் பேசும் கார்களோடு பல நகல்கள் பேசவே பேசாது.

அட, ஓபிடி எந்த வருடம் வந்தது என்பதைச் சொல்ல மறந்துவிட்டேன். நம் நாட்டில் பிஎஸ்4 கார்களுக்கு 2010 ஏப்ரலில் முதல் கட்ட ஓபிடியும் 2013 ஏப்ரலில் ஓபிடி-2-உம் கட்டாயமாயின. அமெரிக்காவில் இது 1996-இலேயே வந்துவிட்டது. அதனால் அங்கே எடுத்த வீடியோக்களைப் பார்த்துவிட்டு, உங்கள் 2007 மாடல் காருக்கும் அப்படியே பொருந்தும் என்று நினைக்காதீர்கள். ஸ்டியரிங்குக்குக் கீழே 16 முனை சாக்கெட் இருந்தாலும், அதற்குள் ஓடும் மொழி வேறாக இருக்கலாம்.

ஐபோன் வைத்திருப்பவர்கள் சாதாரண ப்ளூடூத் அடாப்டரை வாங்கிவிட்டு, போனில் தெரியவில்லை என்று எழுதுகிறீர்கள். ஐபோனுக்குப் பெரும்பாலும் குறைந்த ஆற்றல் ப்ளூடூத், அதாவது பிஎல்இ வகை வேண்டும், இல்லையென்றால் வைஃபை வகை வேண்டும். வைஃபை வகையை எனக்கு அறவே பிடிக்காது. அதோடு இணைந்த நேரத்தில் பல போன்களில் இணையம் நின்றுவிடும். குறியீடு வந்தவுடன் அதைத் தேடிப் பார்க்கத்தானே போன்? நான் வாங்கியது 1,850 ரூபாய் விலையுள்ள பிஎல்இ அடாப்டர். ஆண்ட்ராய்டில் டார்க், இரண்டு வகைப் போன்களிலும் கார் ஸ்கேனர் என்று நல்ல ஆப்கள் இருக்கின்றன. ஓபிடிலிங்க் போன்ற அடாப்டர்கள் தரத்தில் இன்னும் மேல்தான், ஆனால் அந்த விலை என் காருக்குக் கட்டுப்படியாகாது.

இப்போது நான் தனியாக வாங்கிய ஒரு 290 ரூபாய் ஒயரின் விஷயம். என் காரில் சாக்கெட், பானெட் திறக்கும் லிவருக்குப் பக்கத்தில், நேராகக் கீழ்நோக்கி இருக்கிறது. அடாப்டரைச் செருகினால் அது கட்டைவிரல் நீளத்துக்குத் தொங்கி, பிரேக்குக்குக் காலை எடுக்கும் ஒவ்வொரு முறையும் வலது முழங்காலில் இடிக்கும். இடித்தால் இணைப்பு அறும். இணைப்பு அறுந்தால் ஆப் முதலிலிருந்து தொடங்கும். அதற்காக எல் வடிவத் தலையுள்ள, தட்டையான நீட்டிப்பு ஒயரை 290 ரூபாய்க்கு வரவழைத்தேன். 180 ரூபாய்க்கும் ஒன்று இருந்தது, ஆனால் அதில் எல்லா முனைகளுக்கும் ஒயர் போகவில்லை என்று வாங்கியவர்கள் எழுதியிருந்தார்கள். வந்ததும் மல்டிமீட்டரை வைத்துப் பதினாறு முனைகளையும் ஒவ்வொன்றாகச் சோதித்தேன், பதினாறும் வந்தன. 1,850 ரூபாய்க் கருவியைவிட இந்த ஒயர்மேல் எனக்குப் பிரியம் கூடிவிட்டது என்று வீட்டில் கேலி செய்கிறார்கள். செய்யட்டும். இப்போது அடாப்டர் டேஷ்போர்டுக்கு அடியில் வெல்க்ரோவில் ஒட்டிக்கொண்டு நிற்கிறது, முழங்காலும் தப்பித்தது. ஆனால் வண்டியை நாள்கணக்கில் நிறுத்துவதாக இருந்தால் கழற்றிவிடுவேன். சாக்கெட்டின் 16-ஆவது முனையில் சாவியை எடுத்த பிறகும் பேட்டரி மின்சாரம் வந்துகொண்டே இருக்கும். பலவீனமான பேட்டரியை அது மெல்லக் குடித்துவிடும்.

போனே வேண்டாம் என்கிற பெரியவர்களுக்கு, திரையோடு வரும் கையடக்கக் கருவிதான் சரி. லாஞ்ச், ஆட்டெல் நிறுவனங்களின் தொடக்க நிலை மாடல்கள் சிலவற்றில் லைவ் டேட்டாவும் உண்டு, சார்ஜும் தேவையில்லை, சாக்கெட்டிலிருந்தே மின்சாரம் எடுத்துக்கொள்ளும். ஏபிஎஸ் விளக்கோ ஏர்பேக் விளக்கோதான் உங்கள் பிரச்சினை என்றால் இவற்றில் எதுவும் உதவாமல் போகலாம். பொதுவான ஓபிடி என்பது புகையோடு சம்பந்தப்பட்ட எஞ்சின் விஷயங்களுக்காக வந்தது. உங்கள் காரின் மாடலைப் பெயர் சொல்லி, ஏபிஎஸ் படிக்கும் என்று எழுதிய கருவியை மட்டும் வாங்குங்கள்.

இதே சாக்கெட்டில் செருகினால் மைலேஜ் கூடும் என்று விற்கும் வண்ணப் பெட்டிகளைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். திறந்து பார்த்தால் உள்ளே மினுக்கும் எல்இடி இருக்கும். மேலே பேச ஒன்றுமில்லை.

கடைசியாக, செருகிய உடனே 'அழி' பொத்தானை அமுக்காதீர்கள். சாவியை ஆன் நிலையில் வைத்து (இதையும் முன்பே சொல்லியிருக்க வேண்டும், சாவி ஆன் ஆகாமல் எந்த ஆப்பும் இசியுவோடு பேசாது) குறியீட்டையும் ஃப்ரீஸ் ஃப்ரேமையும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள். அழித்தால் ஃப்ரீஸ் ஃப்ரேமும் சேர்ந்தே போய்விடும். இசியு தன்னைத்தானே பரிசோதித்து வைத்திருந்த பதிவுகளும் பூஜ்யத்துக்குத் திரும்பும், அவை மறுபடி நிறையக் கொஞ்சம் ஓட்ட வேண்டியிருக்கும். பழைய கார் வாங்கப் போகிறவர்கள் இதைக் கவனியுங்கள்: குறியீடு ஒன்றுமே இல்லாமல், அந்தப் பரிசோதனைகளும் 'முடியவில்லை' என்று காட்டினால், விற்பவர் சற்று முன்புதான் அழித்திருக்கிறாரா, பேட்டரியைக் கழற்றி மாட்டினாரா என்று கேட்டுவிட்டு அப்புறம் விலை பேசுங்கள்.