தேங்காயும் வேர்க்கடலையும்

நேயர்களுக்கு வணக்கம்.

2025 ஜூலை 30-ஆம் தேதி மாலை 5.40 மணிக்கு ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஒரு ஜி.எஸ்.எல்.வி. ராக்கெட் கிளம்பியது. அது சுமந்து போனது, பூமியை ரேடாரால் கண்காணிக்கும் நிசார் என்ற செயற்கைக்கோளை. அமெரிக்காவின் நாசாவும் நம் இஸ்ரோவும் சேர்ந்து செய்தது. எடை சுமார் 2,390 கிலோ. மொத்தச் செலவு 150 கோடி டாலர் அளவில் என்று சொல்கிறார்கள். அதே ஜூலை 30-ஆம் தேதிதான் அமெரிக்க அதிபர், இந்தியப் பொருள்கள் மீது 25 சதவீத வரி என்று அறிவித்தார். மறுநாள் பேப்பரில் எது பெரிய எழுத்தில் வந்திருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அறிவியலில் நாடுகள் சேர்ந்து வேலை செய்வதைப் பற்றிப் பேசும்போது நட்பு, நல்லெண்ணம் என்றெல்லாம் சொல்வது வழக்கம். எனக்கு அதில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. தன்னிடம் இல்லாதது அடுத்தவரிடம் இருக்கிறது என்று தெரிந்தால்தான் நாடுகள் சேருகின்றன. நிசாரின் கதை அதற்கு நல்ல உதாரணம். அதைக் கொஞ்சம் பழைய இடத்திலிருந்து தொடங்குகிறேன்.

1963 நவம்பர் 21. திருவனந்தபுரம் பக்கத்தில் தும்பா என்ற மீனவ கிராமம். அங்கிருந்து இந்தியாவின் முதல் ராக்கெட் மேலே போனது. இந்தியாவின் முதல் ராக்கெட் என்கிறோமே, அந்த நைக்கி-அப்பாச்சி ராக்கெட் அமெரிக்காவுடையது. அதன் உள்ளே இருந்த சோடியம் ஆவிக் கருவி பிரான்சிலிருந்து வந்தது. ஹெலிகாப்டரும் கணினியும் சோவியத் நாடு கொடுத்தவை. நம்முடையது என்ன? இடம். பூமியின் காந்த நடுக்கோடு தும்பாவை ஒட்டிப் போகிறது. அங்கிருந்து ராக்கெட் விட்டு மேல் வளிமண்டலத்தை ஆராய எல்லா நாட்டு விஞ்ஞானிகளுக்கும் ஆசை இருந்தது. விக்ரம் சாராபாய் அந்த ஆசையைச் சரியாகப் பயன்படுத்திக்கொண்டார்.

சின்ன வயதில் கூட்டாஞ்சோறு ஆக்கிய நினைவு பலருக்கும் இருக்கும். ஒருவர் வீட்டிலிருந்து அரிசி, இன்னொருவர் வீட்டிலிருந்து பருப்பு. ஒன்றும் கொண்டுவராத பிள்ளைக்கும் இலை உண்டு. ஆனால் என்ன சமைப்பது என்று அந்தப் பிள்ளையை யாரும் கேட்கமாட்டார்கள். அன்றைக்கு நம் நிலை அதைவிடக் கொஞ்சம் மேல். அடுப்பு வைக்க இடம் நம்முடையதாக இருந்தது.

இனி ஒரு கசப்பான பகுதி. கனமான செயற்கைக்கோள்களை உயரத்துக்குத் தூக்க கிரையோஜெனிக் எஞ்சின் வேண்டும். மைனஸ் 253 டிகிரியில் திரவமாக்கிய ஹைட்ரஜனையும் மைனஸ் 183 டிகிரியில் திரவமாக்கிய ஆக்சிஜனையும் எரிக்கும் எஞ்சின் அது. 1991-இல் சோவியத் நாட்டின் கிளாவ்காஸ்மாஸ் நிறுவனத்தோடு இஸ்ரோ ஒப்பந்தம் போட்டது. எஞ்சினும் வரும், அதைச் செய்யும் நுட்பமும் வரும் என்பது ஏற்பாடு. ஏவுகணைக்குப் பயன்படுத்திவிடுவார்கள் என்று அமெரிக்கா தடுத்தது. 1992-இல் இஸ்ரோ மீதும் கிளாவ்காஸ்மாஸ் மீதும் தடை விதித்தது. அந்தக் காரணம் எனக்கு எப்போதும் விசித்திரமாகவே படும். இந்த எரிபொருளை நிரப்பி மாதக்கணக்கில் காத்திருக்க முடியாது, ஆவியாகிப் போய்விடும். அப்படி ஒரு ஏவுகணையை யார் வைத்துக்கொள்வார்கள்? எப்படியோ, ரஷ்யா 1993-இல் இறங்கிவந்தது. செய்து முடித்த எஞ்சின்களை மட்டும் தருவோம், நுட்பம் கிடையாது என்று சொல்லிவிட்டது.

சரி, நாமே செய்வோம் என்று தொடங்கிய வேலைக்கு ஏறக்குறைய இருபது வருடம் பிடித்தது. திருநெல்வேலி மாவட்டத்தில் பணகுடி, காவல்கிணறு பக்கம் போகிறவர்களுக்கு மகேந்திரகிரி மலையைத் தெரிந்திருக்கும். அதன் அடிவாரத்தில்தான் அந்த எஞ்சினை வைத்துச் சோதித்தார்கள். 2010 ஏப்ரலில் நம்முடைய கிரையோஜெனிக் எஞ்சினோடு முதல் ராக்கெட் போனது, தோற்றது. ஜி.எஸ்.எல்.வி.க்கு இஸ்ரோவுக்குள்ளேயே குறும்புக்காரப் பிள்ளை என்று பட்டப்பெயர் வந்துவிட்டது. 2013 ஆகஸ்டில் ஏவுவதற்குச் சற்று முன்னால் எரிபொருள் கசிவு தெரிந்து நிறுத்தினார்கள். கடைசியில் 2014 ஜனவரி 5-ஆம் தேதி அது ஒழுங்காக மேலே போய்ச் சேர்ந்தது.

அதே வருடம் செப்டம்பர் 30-ஆம் தேதி கனடாவின் டொராண்டோ நகரில் நாசா தலைவர் சார்லஸ் போல்டனும் இஸ்ரோ தலைவர் கே. ராதாகிருஷ்ணனும் நிசார் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். இது வெறும் தற்செயல்தானா என்று கேட்டால், முழுக்கத் தற்செயல் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அமெரிக்கப் பக்கத்திலும் ஒரு தேவை இருந்தது. பூமி அசைவதை ரேடார் மூலம் அளக்கும் செயற்கைக்கோள் ஒன்று வேண்டும் என்று அந்நாட்டு விஞ்ஞானிகள் 2007-லேயே பரிந்துரைத்திருந்தார்கள். திட்டமும் போட்டார்கள். செலவு கைமீறியது, 2011 வாக்கில் அரசு பணம் தர மறுத்தது. செலவில் ஒரு பங்கை ஏற்கவும், ராக்கெட் கொடுக்கவும் ஒரு கூட்டாளி தேவைப்பட்டார். ஆக, எந்த ராக்கெட்டின் எஞ்சினை இந்தியாவுக்குக் கிடைக்கவிடாமல் தடுத்தார்களோ, அதே ராக்கெட்டின் மேல்தான் தங்கள் விலைமதிப்பற்ற ரேடாரை ஏற்றி அனுப்பினார்கள். ஏவும் நாளில் இஸ்ரோ தலைவர் வி. நாராயணன். கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர், கிரையோஜெனிக் பிரிவிலேயே பல வருடம் உழைத்தவர். அன்றைக்கு அவருக்கு எப்படி இருந்திருக்கும் என்று நான் அடிக்கடி யோசிப்பதுண்டு.

நிசார் என்னதான் செய்கிறது என்று பார்ப்போம். கேமரா வைத்த செயற்கைக்கோளுக்குப் பகல் வேண்டும், மேகம் இருக்கக் கூடாது. நமக்கோ வெள்ளம் வருவது மேகமூட்டத்தில்தான். ரேடாருக்கு இந்தத் தொல்லை இல்லை. தானே மைக்ரோவேவ் அலையை அனுப்பும், திரும்பி வரும் எதிரொலியைக் கேட்கும். இரவு, மழை எதுவும் தடையில்லை.

ஆனால் ரேடாருக்கு வேறு ஒரு சிக்கல். நிசார் 747 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகிறது. அங்கிருந்து பார்த்தால் தரையில் 10 மீட்டர் அளவுள்ள பொருள் தனியாகத் தெரிய வேண்டும் என்றால், கணக்குப்படி சுமார் 19 கிலோமீட்டர் நீளமுள்ள ஆன்டெனா வேண்டும். அது நடக்கிற காரியமா? அதனால் ஒரு தந்திரம் செய்கிறார்கள். 12 மீட்டர் ஆன்டெனாவை வைத்துக்கொண்டு, ஓடிக்கொண்டே ஆயிரக்கணக்கான அலைத்துடிப்புகளை அனுப்புகிறார்கள். ஒவ்வொரு எதிரொலியும் எந்த இடத்தில் இருந்தபோது வந்தது என்று துல்லியமாகக் குறித்துவைத்து, பிறகு கணினியில் எல்லாவற்றையும் சேர்க்கிறார்கள். ஓடிய தூரம் முழுவதும் ஒரே ஆன்டெனாவாக இருந்தது போன்ற பலன் கிடைக்கிறது.

இதைவிட அழகான வேலை இன்னொன்று. நிசார் 12 நாளுக்கு ஒருமுறை அதே பாதைக்குத் திரும்பி வரும். இரண்டு தடவை எடுத்த பதிவுகளையும் ஒப்பிடுவார்கள். இடையில் தரை 1 சென்டிமீட்டர் விலகியிருந்தால், அலை போகும்போது 1, வரும்போது 1, ஆக 2 சென்டிமீட்டர் கூடுதலாகப் பயணம் செய்திருக்கும். அலையின் நீளமே 24 சென்டிமீட்டர்தான். அதில் 2 சென்டிமீட்டர் என்றால் பன்னிரண்டில் ஒரு பங்கு. கருவிக்கு அது நன்றாகவே தெரியும். உண்மையில் ரேடார் சாய்வாகப் பார்ப்பதால் கணக்கு இன்னும் கொஞ்சம் முறுக்கிக்கொள்ளும், அது இருக்கட்டும். 747 கிலோமீட்டர் தள்ளி இருந்துகொண்டு விரல்கடை அளவு அசைவைக் கண்டுபிடிக்க முடிகிறதே, அதுதான் விஷயம்.

நிசாரில் ரேடார் இரண்டு. ஒன்று எல்-பேண்ட், கலிஃபோர்னியாவின் பாசடீனாவில் உள்ள நாசாவின் ஜே.பி.எல். ஆய்வுக்கூடம் செய்தது. 24 சென்டிமீட்டர் அலை அதனுடையது. இலைகளைத் தாண்டி உள்ளே போய் மரத்தண்டிலும் தரையிலும் படும். இன்னொன்று எஸ்-பேண்ட், அகமதாபாத்தில் இஸ்ரோ செய்தது. சுமார் 10 சென்டிமீட்டர் அலை. பயிர், புதர், பனி போன்றவற்றை நன்றாகப் பிரித்துக் காட்டும். இரண்டும் ஒரே ஆன்டெனாவைப் பயன்படுத்துகின்றன. இப்படி இரண்டு அலைவரிசை ரேடாரை ஒன்றாகச் சுமக்கும் முதல் செயற்கைக்கோள் இதுதான்.

காகிதத்தில் இரண்டு பெயர் எழுதுவது எளிது. இரண்டு நாட்டுக் கருவிகளை ஒரே சட்டத்தில் பொருத்துவது அப்படியல்ல. பெங்களூருவில் காலை என்றால் பாசடீனாவில் முந்தைய நாள் இரவு. கூட்டம் என்றால் யாராவது ஒருவர் தூக்கம் கெட வேண்டும். கோவிட் காலத்தில், 2021 மார்ச்சில், எஸ்-பேண்ட் கருவி அமெரிக்கா போனது. நம் பொறியாளர்களும் அங்கே போய் வேலை செய்தார்கள். 2023 பிப்ரவரியில் அங்கிருந்து வழியனுப்பும் விழா. ஜே.பி.எல். வளாகத்தில் தேங்காய் உடைத்தார்கள்! பதிலுக்கு அவர்கள் இஸ்ரோ குழுவுக்கு ஒரு ஜாடி வேர்க்கடலை கொடுத்தார்கள். அது அவர்கள் ஊர்ச் சகுனம். 1960-களில் நிலவுக்கு அனுப்பிய ரேஞ்சர் கலங்கள் ஆறு தொடர்ந்து தோற்றன. 1964-இல் ஏழாவது போனபோது கட்டுப்பாட்டு அறையில் யாரோ வேர்க்கடலை பகிர்ந்தார்களாம், அது வெற்றி. அன்றிலிருந்து முக்கியமான நேரங்களில் அங்கே கடலை கட்டாயம். நம்மவர்களின் திருப்பதி வழிபாட்டைக் கிண்டல் செய்பவர்கள் இதையும் கொஞ்சம் நினைத்துக்கொள்ளலாம்.

2023 மார்ச்சில் அமெரிக்க விமானப்படையின் சி-17 விமானத்தில் எல்லாம் பெங்களூரு வந்து சேர்ந்தது. 2024-இல் ஏவிவிடலாம் என்று இருந்தபோது ஒரு தடங்கல். அந்த 12 மீட்டர் ஆன்டெனா, தங்கமுலாம் பூசிய கம்பி வலை. மடித்துவைத்த நிலையில் வானத்தில் வெயில் பட்டால் எதிர்பார்த்ததைவிடச் சூடாகிவிடும் என்று தெரியவந்தது. கழற்றித் திரும்ப கலிஃபோர்னியாவுக்கு அனுப்பினார்கள், வெப்பத்தைத் திருப்பும் பூச்சு போட்டு அக்டோபரில் கொண்டுவந்தார்கள். ஏவிய பிறகு, 2025 ஆகஸ்ட் 15-ஆம் தேதி அந்த வலை வானத்தில் குடைபோல் விரிந்தது.

பயன் என்ன என்று கேட்பீர்கள். 2024 ஜூலை 30, அதாவது நிசார் கிளம்புவதற்குச் சரியாக ஒரு வருடம் முன்பு, வயநாட்டில் மலை சரிந்தது. மறுநாள் எடுத்த இஸ்ரோவின் ரேடார் படத்தை வைத்து, 86,000 சதுர மீட்டர் நிலம் பெயர்ந்து, சேறும் பாறையும் 8 கிலோமீட்டர் ஓடியிருப்பதாகக் கணக்கிட்டார்கள். நிலச்சரிவு நாளைக்கு வரும் என்று நிசார் சொல்லிவிடாது. அப்படி யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஆனால் மாதக்கணக்கில் மெல்ல நகரும் மலைச்சரிவுகள் எவை என்று காட்ட முடியும். நீலகிரியில் வீடு கட்ட அனுமதி கொடுப்பவர்களுக்கு அது உதவும், அவர்கள் பார்க்க விரும்பினால்.

அந்த "விரும்பினால்" என்ற வார்த்தையை வேண்டுமென்றேதான் சொன்னேன். உத்தராகண்டின் ஜோஷிமட் நகரம் 2022 டிசம்பர் இறுதியிலிருந்து 12 நாளில் 5.4 சென்டிமீட்டர் இறங்கியது என்று இஸ்ரோவின் தேசிய தொலையுணர்வு மையம் செயற்கைக்கோள் படங்களை வைத்து அறிக்கை வெளியிட்டது. ஓரிரு நாளில் அந்த அறிக்கை இணையதளத்திலிருந்து காணாமல் போனது. அனுமதி இல்லாமல் ஊடகங்களிடம் பேச வேண்டாம் என்று தேசிய பேரிடர் மேலாண்மை ஆணையம் நிறுவனங்களுக்குச் சொல்லியிருந்தது. மக்கள் பீதி அடைவார்களாம். சுவரில் விரிசல் விட்ட வீட்டில் இருப்பவருக்கு இஸ்ரோ சொல்லித்தானா பீதி வரும்?

நிசார் விஷயத்தில் எனக்குப் பிடித்த அம்சம் இதுதான். பதிவுகள் எல்லாருக்கும் இலவசம். வழக்கமாக ஓரிரு நாளில், பேரிடர் நேரத்தில் சில மணிகளில் வெளியாக வேண்டும் என்பது ஏற்பாடு. இரண்டு நாடுகள் சேர்ந்து செய்ததால் ஒருவர் மட்டும் எடுத்து ஒளித்துவைப்பது சிரமம். அமெரிக்கா தன் லேண்ட்சாட் செயற்கைக்கோள் படங்களை 2008-இல் இலவசமாக்கியது. அதற்கு முன்பு ஒரு படத்துக்குச் சுமார் 600 டாலர். அந்தக் கட்டணத்தை நீக்கிய பிறகுதான் உலகம் முழுக்க ஆராய்ச்சி மாணவர்கள் அதைத் தொட்டார்கள். ஐரோப்பாவின் சென்டினல்-1 செயற்கைக்கோளின் ரேடார் பதிவுகளும் இலவசம்தான். நம் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் அவற்றைக்கொண்டு நெல் விளையும் பரப்பைக் கணக்கெடுத்து வந்திருக்கிறது. கார்த்திகை, மார்கழியில் சம்பா நிற்கும்போது காவிரி டெல்டாவில் வானம் திறந்திருப்பதே அபூர்வம் என்பது உங்களுக்குத் தெரியும்.

நிசார் எடுத்த முதல் படங்களில் ஒன்று அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்துத் தீவு. எஸ்-பேண்ட் எடுத்ததாக இஸ்ரோ வெளியிட்டது கோதாவரி டெல்டா; அலையாத்திக் காடும் பாக்குத் தோப்பும் மீன் வளர்ப்புக் குளங்களும் தனித்தனியாகத் தெரிகின்றன. ஒரு நாளைக்குச் சுமார் 80 டெராபைட் பதிவு சேரும் என்கிறார்கள். அவ்வளவையும் பார்க்க ஆள் வேண்டுமே! ரேடார் பதிவைப் படிப்பது புகைப்படம் பார்ப்பது போல இல்லை, பழக வேண்டும். நம் பொறியியல் கல்லூரிகளில் இதைச் சொல்லித்தரும் இடங்கள் குறைவு.

இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் மாணவர்கள் யாருக்காவது ஆர்வம் இருந்தால், இஸ்ரோவின் பூநிதி தளத்திலும் நாசாவின் அலாஸ்கா செயற்கைக்கோள் மையத் தளத்திலும் பெயரைப் பதிவு செய்துகொள்ளுங்கள். இந்தப் பதிவுகளைப் படிக்க உதவும், ஐரோப்பிய விண்வெளி நிறுவனத்தின் ஸ்னாப் என்ற மென்பொருளும் இலவசம். பழகுவதற்கு அதில் சென்டினல் பதிவுகளை எடுத்துக்கொள்ளலாம். முதலில் உங்கள் ஊர் ஏரியைப் பாருங்கள், எங்கே தண்ணீர், எங்கே ஆக்கிரமிப்பு என்று. நன்றி, வணக்கம்.