அந்த 8 வெள்ளி எங்கே போகிறது?

வணக்கம் மக்களே, பசியாறியாச்சா? இன்றைக்கு லங்காவி வீடியோதான் வர வேண்டியது. அது அடுத்த வாரம் வரும். முதலில் இந்த 8 வெள்ளியைப் பேசியே ஆக வேண்டும்.

பினாங்கிலிருந்து கே.எல். போக டிக்கெட் எடுத்தேன். நிறுவனத்தின் பெயர் வேண்டாம். கைப்பையைத் தவிர நான் எதையும் தூக்க மாட்டேன் என்று உங்களுக்குத் தெரியும். அதனால் பெட்டி, சாப்பாடு, இருக்கை எல்லாவற்றுக்கும் வேண்டாம், வேண்டாம் என்று தட்டிக்கொண்டே வந்தேன். கடைசிப் பக்கத்தில் ஒரு பச்சை இலை. 'உங்கள் கார்பனை ஈடுசெய்யுங்கள்', 8 வெள்ளி. அதாவது, என் பறப்பு விடும் கரியமில வாயுவுக்கு ஈடாக வேறெங்கோ மரம் நடுவது போன்ற வேலைக்குக் காசு. டிக் அவர்களே போட்டு வைத்திருக்கிறார்கள்! லிட்டில் இந்தியாவில் தோசையும் தே தாரிக்கும் முடித்துவிட்டு மீதிச் சில்லறையும் வாங்கலாம் அந்தக் காசில். சரி, கொடுக்கலாம். எந்தக் காட்டுக்கு, யார் கையில் போகிறது? ஒரு வரிகூட இல்லை.

உடனே சுற்றுச்சூழலுக்கு என்ன செய்கிறோம் என்று அவர்களே சொல்லும் நிலைத்தன்மை அறிக்கையைத் திறந்தேன். காகித உறிஞ்சுகுழலுக்கு முழுப் பக்கம். எனக்கு அந்தக் குழலே பிடிக்காது, பாதி பானத்திலேயே ஊறிப்போகும். விமானத்தில் பெரிய விஷயம் எரிபொருள்தானே? ஒரு கிலோ எரித்தால் 3.16 கிலோ கரியமில வாயு வருகிறது. 'ஒரு பயணிக்கு, ஒரு கிலோமீட்டருக்கு' என்ற கணக்கு குறைந்திருக்கிறதாம். நல்லதுதான். ஆனால் பறப்புகள் கூடினால் மொத்தம் ஏறும். அந்த மொத்தத்தைப் பக்கத்திலேயே போட வேண்டாமா?

ஆ, இதைச் சொல்ல விட்டுவிட்டேன். கோர்சியா என்ற உலக ஈடுசெய்யும் திட்டம் அனைத்துலகப் பறப்புகளுக்கு மட்டும்தான். பினாங்கு–கே.எல். உள்நாட்டுப் பறப்பு, அதில் வராது. அதனால்தான் நிறுவனத்தின் சொந்த அறிக்கையை இவ்வளவு கறாராகப் பார்க்கிறேன். நெதர்லாந்து விமான நிறுவனமான கேஎல்எம்மின் பசுமை விளம்பரங்களில் பல தவறாக வழிநடத்துபவை என்று 2024 மார்ச்சில் ஆம்ஸ்டர்டாம் நீதிமன்றமே சொன்னது. மரம் நடும் பேச்சும் அதில் உண்டு.

எனக்கு உண்மையிலேயே பிடித்தது பொரித்த எண்ணெயிலிருந்து வரும் எரிபொருள். 2022 ஜூனில் மலேசியா ஏர்லைன்ஸ் அதைக் கலந்து கே.எல்.லிலிருந்து சிங்கப்பூருக்குப் பயணிகளோடு பறந்தது. அது செய்தியான அன்று நான் துள்ளியது பழைய ஆட்களுக்கு நினைவிருக்கும். விலைதான் சாதாரண எரிபொருளைப் போலப் பல மடங்கு. என் 8 வெள்ளி அதற்குப் போகிறது என்று எழுதியிருந்தால் மறுபேச்சில்லாமல் கொடுத்திருப்பேன்.

டிக்கை எடுத்துவிட்டேன். மொத்த எரிபொருள் எவ்வளவு, அதில் உள்நாட்டுப் பறப்புக்கு எவ்வளவு, ஈட்டுப் பணம் எந்தத் திட்டத்துக்கு என்று கேட்டு மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறேன். பதில் வந்ததும் இங்கேயே வாசிக்கிறேன்.