"எங்க பரம்பரையில யாருக்கும் இல்லையே!"

[காட்சி: தொட்டிலில் தூங்கும் குழந்தை]

வணக்கம். பிறந்த குழந்தைக்குக் காது கேட்கவில்லை என்று தெரிந்ததும் வீட்டுப் பெரியவர்கள் சொல்வது, "எங்க பரம்பரையில யாருக்கும் இப்படி இல்லையே!" அப்புறம் பழி தாயின் தலையில் விழும். கிரகண நேரத்தில் வெளியே வந்தாளாம்!

ஆனால் மரபணுவால் காது கேளாமல் பிறக்கும் குழந்தைகளில் பெரும்பாலோரின் பெற்றோருக்குக் காது நன்றாகவே கேட்கும். எப்படி?

[காட்சி: அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று என இரண்டு பிரதிகள்]

நம்மிடம் பெரும்பாலான மரபணுக்கள் இரண்டிரண்டு பிரதிகளாக இருக்கின்றன. ஒன்று பழுதானாலும் மற்றது சமாளித்துவிடும். அதனால் பழுதைச் சுமப்பவருக்கே அது தெரியாது. ஒரே மரபணுவில் பழுதைச் சுமக்கும் இருவர் மணந்தால், குழந்தைக்கு இரண்டு பிரதியும் பழுதாக வந்து காது கேளாமல்போக ஒவ்வொரு பிரசவத்திலும் 25 சதவீத வாய்ப்பு. முதல் பிள்ளைக்கு வந்துவிட்டது, அடுத்த மூன்றும் தப்பிக்கும் என்று கணக்குப் போடாதீர்கள். ஒவ்வொரு முறையும் சீட்டு புதிதாகத்தான் குலுக்கப்படுகிறது.

காது கேளாமைக்குக் காரணமாகும் மரபணுக்கள் நூற்றுக்கும் மேல். நாம் ஒன்றை மட்டும் பார்ப்போம்: 13ஆம் குரோமோசோமில் இருக்கும் ஜிஜேபி2. பிறவிக் காது கேளாமையில் இதன் பங்கு 1997இல் தெரியவந்தது. உள்காதின் நத்தைக்கூடு போன்ற பகுதியில், செல்லுக்குச் செல் அயனிகள் போய்வர வாசல் அமைக்கும் கனெக்சின் 26 என்ற புரதத்தை இதுதான் தருகிறது. அந்தப் புரதம் 226 அமினோ அமிலங்கள் கோத்த மாலை. இந்தியாவில் அதிகம் காணப்படும் பழுதில், மரபணுவின் குறியீட்டில் ஒரே ஓர் எழுத்து மாறியிருக்கும். ஜி இருக்கவேண்டிய இடத்தில் ஏ. அவ்வளவுதான், 24ஆவது மணியிலேயே கோப்பது நின்றுவிடும்.

இதே பழுது ஸ்லோவாக்கியாவிலும் ஸ்பெயினிலும் வாழும் ரோமா மக்களிடமும் இருக்கிறது. அவர்களின் முன்னோர் ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இந்தியாவிலிருந்து போனவர்கள். மொழி மாறி, நாடு மாறி, இந்த ஓர் எழுத்து மட்டும் கூடவே போயிருக்கிறது!

[காட்சி: குடும்ப மரம்]

சரி, நம்மூர் விஷயத்துக்கு வருவோம். மாமன் மகளும் அத்தை மகனும் சராசரியாக எட்டில் ஒரு பங்கு மரபணுவைப் பகிர்கிறார்கள். தாய்மாமனும் அக்கா மகளும் நான்கில் ஒரு பங்கு. தாத்தாவிடம் இருந்த ஒரே பழுது இரண்டு பக்கமும் இறங்கிவந்து சந்திக்க வாய்ப்பு கூடுகிறது. சொந்தத்தில் கட்டினால் கட்டாயம் வரும் என்றில்லை. அசலில் கட்டினால் வரவே வராது என்றும் இல்லை.

இன்னொரு வேடிக்கை. இப்படிப் பிறவியிலேயே காது கேளாத இருவர் மணக்கிறார்கள். இருவருக்கும் ஜிஜேபி2தான் காரணம் என்றால் பிள்ளைகளுக்கும் கேட்காது. ஒருவருக்கு ஜிஜேபி2, மற்றவருக்கு வேறு மரபணு என்றால் பெரும்பாலும் எல்லாப் பிள்ளைகளுக்கும் கேட்கும்! இதனால்தான் அவர்கள் மரபணு ஆலோசகரைப் பார்ப்பது பயனுள்ளது.

வீட்டில் தட்டைத் தட்டி, "திரும்பிப் பார்த்தானே" என்று நிம்மதியாகிவிடாதீர்கள். அதிர்வுக்கும் நிழலுக்கும்கூடக் குழந்தை திரும்பும். காது கேட்கிறதா என்று பார்க்கும் ஓஏஇ பரிசோதனையில், தூங்கும் குழந்தையின் காதில் சின்ன அடைப்பான் வைப்பார்கள். சில நிமிட வேலை. ஒரு மாதத்துக்குள் அதைச் செய்து, மூன்று மாதத்துக்குள் குறையை உறுதிசெய்து, ஆறு மாதத்துக்குள் சிகிச்சை தொடங்கிவிட வேண்டும். ஜிஜேபி2 பழுதில் கேட்கும் நரம்பு பெரும்பாலும் நன்றாகவே இருப்பதால், காக்ளியர் இம்ப்ளான்ட் என்ற உள்காதுக் கருவி பொருத்திய குழந்தைகள் நன்றாகப் பேசப் பழகுகிறார்கள்.