அமிகா சிடி32-க்கு ஆக்சிலரேட்டர்: வேகம் எங்கிருந்து வருது?

[காட்சி: கறுஞ்சாம்பல் நிற கன்சோல். மேல்மூடி திறக்குது, உள்ளே சிடி சுத்த ஆரம்பிக்குது.]

இது அமிகா சிடி32. 1993 செப்டம்பர்ல கமடோர்ங்கிற கம்ப்யூட்டர் நிறுவனம் வெளியிட்ட கேம் கன்சோல். மோட்டரோலா 68இசி020 ப்ராசஸர், 14 மெகாஹெர்ட்ஸ். 2 மெகாபைட் மெமரி. அமிகா 1200 கம்ப்யூட்டர்ல இருந்த அதே ஏஜிஏ கிராபிக்ஸ் சிப்கள், கூடவே இரட்டை வேக சிடி டிரைவ். 1994 ஏப்ரல்ல கமடோர் திவாலாச்சு. கன்சோல் வந்து ஒரு வருஷம்கூட ஆகல.

[காட்சி: கன்சோலைத் திருப்பி, பின்பக்க மூடியைக் கழற்றுறோம். நீளமான இணைப்புப் பகுதி தெரியுது.]

பின்னாடி இருக்கிற இந்த ஸ்லாட்டைப் பாருங்க. வீடியோ சிடி படங்களை ஓட்டுற எஃப்எம்வி மாட்யூலுக்காக வச்சது. ப்ராசஸரோட அட்ரஸ் கம்பிகள், டேட்டா கம்பிகள் எல்லாமே இங்க வெளியே வருது. இன்னிக்கு ஆர்வலர்கள் வடிவமைக்கிற, வேகத்தைக் கூட்டுற ஆக்சிலரேட்டர் போர்டுகள் இதுலதான் உட்காருது. அதுல பேர் வாங்கினது டெரிபிள்ஃபயர் வரிசை. டிஎஃப்328 மெமரி மட்டும் கூட்டும். டிஎஃப்330 ப்ராசஸரையே மாத்தும்.

மெகாஹெர்ட்ஸை ஏத்தினா வேகம் வந்துடும்னுதான் பெரும்பாலும் நினைக்கிறாங்க. இந்த கன்சோல்ல முதல் முட்டுக்கட்டை மெமரிதான். அதைப் புரிஞ்சுக்கிட்டா எந்த போர்டு வாங்கணும்ங்கிற கேள்விக்கும் பதில் கிடைச்சிடும்.

[திரையில்: ப்ராசஸர், கிராபிக்ஸ் சிப், ஒலி சிப் மூணும் ஒரே மெமரிக்குப் போற வரைபடம்.]

சிடி32-ல இருக்கிற 2 மெகாபைட்டுக்குப் பேர் சிப் ரேம். திரையில படம் வரையுற சிப், ஒலி கொடுக்கிற பாலா சிப், ப்ராசஸர் எல்லாரும் ஒரே கதவு வழியாத்தான் உள்ளே போகணும். படமும் ஒலியும் நிக்கக்கூடாது, அதனால அவங்களுக்கு முன்னுரிமை. ப்ராசஸருக்குக் கிடைக்கிறது, நல்ல நிலைமையிலேயே, 560 நானோசெகண்டுக்கு ஒரு தடவை 4 பைட். நொடிக்குச் சுமார் 7 மெகாபைட்.

அதே ப்ராசஸர் தனியா ஒரு மெமரியோட பேசினா? 68020-க்கு ஒரு தடவை படிக்கக் குறைஞ்சது 3 கிளாக் (ப்ராசஸரோட துடிப்பு) போதும். காகிதக் கணக்குல நொடிக்கு 19 மெகாபைட் பக்கம் வரும். அதாவது கடையில வாங்கின நிலையில, மெமரிக்குப் போற நேரத்துல பாதிக்கு மேல இந்தச் சிப் காத்துக்கிட்டே நிக்குது. ஃபாஸ்ட் ரேம்னு சொல்ற தனி மெமரியைச் சேர்த்தா, ப்ராசஸரைத் தொடாமலே பல வேலைகள் கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு வேகமா நடக்கும். எனக்கு இந்த அப்கிரேடுலயே ரொம்பப் பிடிச்ச இடம் இதுதான். புதுச் சக்தி எதையும் திணிக்கல, ஏற்கெனவே இருந்த சக்திக்கு வழி விட்டிருக்கோம்.

டிஎஃப்328-ல 8 மெகாபைட் ஃபாஸ்ட் ரேம் இருக்கு. ஏன் 8-லயே நிறுத்தினாங்க? 68இசி020-க்கு வெளியே 24 அட்ரஸ் கம்பிகள்தான் இருக்கு. அதால மொத்தமே 16 மெகாபைட்டைத்தான் பார்க்க முடியும். அதுல சிப் ரேம், நிரந்தர மென்பொருள் இருக்கிற ரோம் (ROM), கிராபிக்ஸ் சிப்கள் எல்லாத்துக்கும் இடம் போக, கூடுதல் மெமரிக்குன்னு அமிகா ஒதுக்கியிருக்கிறது 8 மெகாபைட். போர்டைச் செருகி ஆன் பண்ணா போதும். அமிகாவோட ஆட்டோகான்ஃபிக் முறை, "இங்க இவ்வளவு மெமரி இருக்கு"ன்னு போர்டைக் கேட்டுத் தெரிஞ்சுக்கும். அமைப்பை மாத்துற ஜம்பர் பின்களைத் தேட வேண்டியதில்ல.

[காட்சி: டிஎஃப்330 போர்டு. பெரிய சதுரச் சிப், பக்கத்துல சின்னச் சிப்கள்.]

அடுத்த படி டிஎஃப்330. இந்தப் பெரிய சிப் 50 மெகாஹெர்ட்ஸ் 68030 ப்ராசஸர். இது பழைய நிஜச் சிப். புதுசு எதுன்னா, பக்கத்துல இருக்கிற சிபிஎல்டியும் (நமக்கு வேண்டிய லாஜிக்கை எழுதி வைக்கிற சிப்) 64 மெகாபைட் எஸ்டிராம் மெமரியும். கன்சோல் பேசுறது 5 வோல்ட்ல, எஸ்டிராம் பேசுறது 3.3 வோல்ட்ல. ஒண்ணு 14 மெகாஹெர்ட்ஸ், இன்னொண்ணு 50. யார் எப்ப பேசணும், யார் காத்திருக்கணும்னு சிபிஎல்டி முடிவு பண்ணுது. முன்னாடி ஒரு கை நிறைய சிப்கள் செஞ்ச வேலையை இப்ப சிபிஎல்டி செய்யுது. தனி ஆர்வலர்களால இன்னிக்கு இப்படி போர்டு வடிவமைக்க முடியுறதுக்கு அதுதான் பெரிய காரணம்.

மதர்போர்டுல சால்டர் பண்ணின பழைய 68020-ஐ எடுக்க வேண்டாம். ப்ராசஸர் மத்த சிப்களோட பேசுற கம்பிப் பாதைக்குப் பேர் பஸ். ஆக்சிலரேட்டர் பஸ்ஸைக் கேட்டு வாங்கிக்கும், பழைய சிப் பஸ்ஸை விட்டுட்டு ஒதுங்கிக்கும். 68030-ல 256 பைட் டேட்டா கேஷும் (ப்ராசஸருக்குள்ளேயே இருக்கிற குட்டி மெமரி) உண்டு, 68020-ல கட்டளைகளுக்கான கேஷ் மட்டும்தான்.

[திரையில்: 320 × 256 = 81,920 பைட்.]

எந்த ஆக்சிலரேட்டரும் மாத்தாத ஒண்ணும் இருக்கு. படம் இன்னும் சிப் ரேம்லேருந்துதான் வருது, அந்தக் கதவு இன்னும் அதே 7 மெகாபைட்தான். 256 நிறத்துல ஒரு முழுத்திரை 81,920 பைட். நொடிக்கு 50 படம்னா 4 மெகாபைட். எழுதறதுக்கு மட்டுமே கதவுல பாதிக்கு மேல போயிடுச்சு.

இன்னொரு சிக்கலும் இருக்கு. அமிகா ஒரு பிக்ஸலை ஒரே பைட்டா வைக்காது, எட்டு பிட்பிளேன்ல ஒவ்வொரு பிட்டா பிரிச்சு வைக்கும். டூம் மாதிரி முப்பரிமாண விளையாட்டுகள் பிக்ஸலுக்கு ஒரு பைட்னு வரையும், அப்புறம் அதைப் பிரிச்சு அடுக்கணும். இதுக்கு உதவுற வசதி ஒண்ணை சிடி32-ல இருக்கிற அகிகோங்கிற சிப்புக்குள்ள வச்சாங்க. 14 மெகாஹெர்ட்ஸ் ப்ராசஸருக்கு அது உண்மையான துணை. வேகமான ப்ராசஸர் வந்துட்டா, மாத்துற வேலையை அதுவே செஞ்சுக்கிறது பெரும்பாலும் லாபம். ஆனாலும் 68030-ல டூம் முழுத்திரையில சரளமா ஓடாது, ஜன்னலைச் சுருக்கித்தான் ஆடணும். முழுத்திரைக்கு இதே குடும்பத்துல இன்னும் வேகமான 68060 வேணும்.

அமிகா 1200 வச்சிருக்கிறவங்க பைஸ்டார்ம்32 லைட்னு ஒரு போர்டு போடுறாங்க. அதுல பழைய ப்ராசஸருக்குப் பதிலா ராஸ்பெர்ரி பைங்கிற குட்டி கம்ப்யூட்டர் உட்கார்ந்து, எமு68 மென்பொருள் மூலமா 68கே (68020, 68030 குடும்பம்) கட்டளைகளைத் தன்னோட ஆர்ம் ப்ராசஸருக்கான கட்டளைகளா மாத்தி ஓட்டுது. 68060-ஐயே தாண்டிப் போகும். ஆனா சிப் ரேம் வாசல் அங்கயும் அதேதான்.

பழைய விளையாட்டுகளுக்கு இந்த வேகம் ஒத்துக்காமப் போகலாம். சிலது ப்ராசஸர் வேகத்தை வச்சே நேரம் கணக்குப் பண்ணும். சிலது ஓடும்போதே தன் கட்டளைகளை மாத்தி எழுதும், ஆனா கேஷ் பழைய கட்டளையையே பிடிச்சு வச்சிருக்கும், விளையாட்டு உறைஞ்சிடும். இதுக்கு டபிள்யூஎச்டிலோட்னு ஒரு மென்பொருள் இருக்கு. ஒவ்வொரு விளையாட்டுக்கும் தனித்தனியா திருத்தம் எழுதி, போர்டுல இருக்கிற ஐடிஇ (டிஸ்க் இணைப்பு)-ல செருகின காம்பாக்ட் ஃபிளாஷ் அட்டையிலேருந்தே ஓட வைக்கும்.

[காட்சி: மதர்போர்டு மேல உருப்பெருக்கி. ஒரு சின்ன கெப்பாசிட்டரோட அடி.]

போர்டு வாங்குறதுக்கு முன்னாடி இதைப் பாருங்க. வெள்ளி நிற கெப்பாசிட்டரோட காலடியில சால்டர் பளபளப்பு போய் மங்கலா, கொஞ்சம் பசை படிஞ்ச மாதிரி இருக்கு. உள்ளே இருந்த திரவம் கசிஞ்சிருக்கு. சூடு வச்சா மீன் வாடை வரும். அந்தத் திரவம் செம்புப் பாதைகளை அரிச்சிடும், ஒலி குறையுறது முதல் அறிகுறியா இருக்கலாம். குறட்டால பிடிச்சு இழுக்காதீங்க, அடியில இருக்கிற செம்புப் பேடும் சேர்ந்து பெயர்ந்து வரும். கெப்பாசிட்டர்களை மாத்தாம ஆக்சிலரேட்டர் போடுறதுல அர்த்தமில்ல. பழைய பவர் சப்ளைக்கும் இதே விதிதான்: போர்டு கூடுதல் கரண்ட் இழுக்கும், 5 வோல்ட் இறங்கினா காரணமே தெரியாம ரீசெட் ஆகும்.

[காட்சி: அசிட்டோன்ல நனைச்ச பஞ்சு, 68030 சிப்போட மேற்பரப்பு.]

தனியா 68030 வாங்கினா, மேல இருக்கிற எழுத்தைத் துடைச்சுப் பாருங்க. மெதுவான சிப்பைத் தேய்ச்சு 50-ன்னு மறுபடி அச்சடிச்சு விக்கிறாங்க. மை கரைஞ்சா திருப்பிக் கொடுத்துடுங்க.

என் கருத்து இது: சிடி32-ஐ அதோட விளையாட்டுகளுக்காக வச்சிருக்கீங்கன்னா டிஎஃப்328 போதும், பழைய விளையாட்டுகளோட சண்டையும் குறைவு. டூம் மாதிரி விளையாட்டுகளைச் சுருக்கின ஜன்னல்லயாவது ஓட்டணும், டெஸ்க்டாப்பா பயன்படுத்தணும்னா 68030-க்குப் போங்க. கெப்பாசிட்டர் முதல்ல, பவர் சப்ளை ரெண்டாவது, போர்டு கடைசி.