சுட்டதும் சுற்றியதும்

நேயர்கள் எல்லோருக்கும் வணக்கம். வீட்டிலேயே கேக், ரொட்டி சுடுவதைப் பற்றியும், கணவன் மனைவி இருவருமாகப் போய் வரும் சின்னப் பயணங்களைப் பற்றியும் பேசச் சொல்லி அழைத்திருக்கிறார்கள். இவை தனித்தனி விஷயங்கள் என்று உங்களுக்குத் தோன்றலாம். எங்கள் வீட்டில் இரண்டும் ஒன்றுதான். ஓர் ஊருக்குப் போகலாமா என்று பேச்சு வந்தால், அந்த ஊர் பேக்கரியில் என்ன விசேஷம் என்பதுதான் முதல் கேள்வி. போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தால், அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதை வீட்டில் செய்து பார்க்காமல் எங்களால் இருக்க முடியாது.

நாங்கள் மதுரையில் இருக்கிறோம். இருவருமே வேலைக்குப் போகிறவர்கள். வார நாட்களில் நிதானமாகப் பேசிக்கொள்வது என்றால் அது இரவுச் சாப்பாட்டு நேரத்தில்தான், அதுவும் பாதி நாள் தூக்கக் கலக்கத்தில். கல்யாணமான புதிதில் ஞாயிற்றுக்கிழமை எப்படிப் போகிறது என்றே தெரியாது. துணி, காய்கறிக் கடை, உறவினர் வீடு, அப்புறம் ஆளுக்கொரு போன். வீட்டுக்கு ஒரு சின்ன ஓவன் வந்த பிறகு அது மாறியது.

சாம்பார் வைக்கும்போது ஒருவர் அடுப்படியில் நின்றால் இன்னொருவருக்கு அங்கே வேலை இல்லை. கேக்கில் அப்படியில்லை. ஒருவர் வெண்ணெயையும் சர்க்கரையையும் நுரைக்க நுரைக்க அடிக்கலாம், இன்னொருவர் மாவைச் சலித்துக் கேக் பாத்திரத்தில் காகிதம் போடலாம். கலவையை உள்ளே வைத்துக் கதவை மூடிவிட்டால் 40 நிமிடம் இருவருக்குமே வேலை கிடையாது. இடையில் திறந்து பார்க்கவும் கூடாது, சூடு இறங்கிவிடும். வீடு முழுக்க மணம் பரவுகிற அந்த 40 நிமிடத்தில்தான் எங்கள் முக்கியமான பேச்செல்லாம் நடக்கிறது. மாமியாருக்குக் கண் ஆபரேஷன் எப்போது வைத்துக்கொள்ளலாம், வாடகை வீட்டை மாற்றலாமா, அடுத்த லீவுக்கு எங்கே போகலாம், எல்லாம் அப்போதுதான்.

ஓவன் இல்லையே என்று யாரும் நினைக்க வேண்டாம். அடி கனமான குக்கர் போதும். கேஸ்கட்டையும் வெயிட்டையும் எடுத்துவிடுங்கள். அடியில் ஒரு அங்குலம் உப்பைப் பரப்பி, மேலே ஒரு வளையம் வைத்து, 10 நிமிடம் சூடாக்கிவிட்டு, கேக் பாத்திரத்தை உள்ளே இறக்கிச் சிறு தீயில் விட்டால் ஆயிற்று. என் வீட்டுக்காரருடைய அம்மா இப்படித்தான் கேக் செய்து அவரை வளர்த்தார். மேல்பக்கம் அவ்வளவாகச் சிவக்காது, மற்றபடி ருசியில் ஒரு குறையும் இல்லை. கரண்ட் பில்லை நினைத்துப் பயப்படவும் வேண்டாம். சின்ன ஓவனில் ஒரு கேக் வேக ஏறத்தாழ ஒரு யூனிட்தான் ஆகும்.

ஆனால் ஒன்று வாங்குங்கள். தராசு. சமையலறை மேடையில் வைக்கிற சின்ன டிஜிட்டல் தராசு. இதை நான் எங்கே போனாலும் சொல்வேன், இன்றைக்கும் பல தடவை சொல்லப்போகிறேன். ஒரு கப் மைதா என்று குறிப்பில் போட்டிருக்கிறது. நான் கரண்டியால் மெதுவாக அள்ளிப் போட்டால் அது 120 கிராம் இருக்கும். என் வீட்டுக்காரர் கப்பை டப்பாவுக்குள் விட்டு அழுத்தி எடுத்தால் 150 கிராம் வரும். அதே கப், அதே மைதா, 30 கிராம் வித்தியாசம். அந்த 30 கிராம்தான் கேக்கை வறட்டி மாதிரி ஆக்குகிறது. பழியை ஓவன் மேல் போடுவோம், பேக்கிங் பவுடர் மேல் போடுவோம், சில வீடுகளில் ஒருவர் மேல் ஒருவர் போட்டுக்கொள்வோம். தராசு வந்துவிட்டால் அந்தப் பேச்சுக்கே இடமில்லை.

எழுதிக்கொள்ளக்கூட வேண்டாத ஓர் அளவு சொல்கிறேன். மூன்று முட்டையை உடைத்துத் தராசில் வையுங்கள். 150 கிராம் பக்கம் காட்டும். எவ்வளவு காட்டுகிறதோ அதே எடை வெண்ணெய், அதே எடை சர்க்கரை, அதே எடை மைதா, ஒரு டீஸ்பூன் பேக்கிங் பவுடர். 180 டிகிரி சூட்டில் சுமார் 40 நிமிடம். முட்டை சின்னதாக இருந்தால் எல்லாமே கொஞ்சம் குறையும், பெரிதாக இருந்தால் எல்லாமே கூடும். கப்பை வைத்துக்கொண்டு இதைச் செய்ய முடியுமா, சொல்லுங்கள்.

சரி, ஊர்களுக்கு வருவோம். தூத்துக்குடி எங்களுக்குப் பக்கம், காலையில் கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்கு முன்பே போய்விடலாம். தூத்துக்குடி மக்ரூன் தெரியாதவர்கள் இருக்க மாட்டீர்கள். வாயில் போட்டால் கரைகிற அந்தக் கூம்பில் முந்திரி, சர்க்கரை, முட்டை வெள்ளை, இந்த மூன்றுதான். மைதா கிடையாது, வெண்ணெய் கிடையாது. மூன்றே பொருள் என்பதாலேயே அது கஷ்டம், தப்பை மறைக்க நாலாவது பொருள் இல்லை. முட்டை வெள்ளையில் மஞ்சள் கரு ஒரு சொட்டு விழுந்தாலும், பாத்திரத்தில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தாலும் நுரை நிற்காது. முந்திரியிலேயே எண்ணெய் இருக்கிறது, அதனால் அதை விழுதாக அரைத்துவிடக் கூடாது. ரவை பதத்தில் பொடித்து, நுரை நன்றாக நின்ற பிறகு, கடைசியில் மெதுவாகச் சேர்க்க வேண்டும்.

எங்கள் வீட்டு அளவு, தராசில் அளந்தது: முட்டை வெள்ளை 100 கிராம், சர்க்கரை 200, முந்திரி 150. இதைச் சுடுவது என்றுகூடச் சொல்லக் கூடாது, உலர்த்துவது என்றுதான் சொல்ல வேண்டும். 100 டிகிரியில் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் வைத்து, அணைத்த பிறகும் ஓவனுக்குள்ளேயே ஆற விடுவோம். ஆறியதும் உடனே காற்றுப் புகாத டப்பாவில் போட்டுவிட வேண்டும். சர்க்கரை காற்றிலிருக்கிற ஈரத்தை இழுத்துக்கொள்ளும், ஐப்பசி மழையில் வெளியே வைத்தால் கொஞ்ச நேரத்திலேயே கையில் ஒட்டும்.

அந்தப் பக்கம் போனால் தூத்துக்குடியோடு திரும்பிவிடாதீர்கள். திருச்செந்தூர் போய், இன்னும் தெற்கே மணப்பாடு வரைக்கும் போங்கள். கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கிற மணல் குன்றும், அதன் மேல் திருச்சிலுவைக் கோயிலும், கீழே புனித சவேரியார் தங்கியதாகச் சொல்லும் குகையும் இருக்கின்றன. சாயங்காலம் மக்ரூன் பொட்டலத்தோடு அங்கே போய் உட்கார்வது எங்களுக்கு ரொம்பப் பிடிக்கும்.

அடுத்தது உதகை. மேட்டுப்பாளையத்திலிருந்து மலை ரயிலில் போக வேண்டும். 46 கிலோமீட்டர்தான், நாலரை ஐந்து மணி நேரம் ஆகும். அவசரம் உள்ளவர்களுக்கான வண்டி இல்லை அது. புதிதாகக் கல்யாணமானவர்களுக்கு அதைவிட நல்ல வண்டி எனக்குத் தெரியாது. பல்சக்கரத்தால் பிடித்துப் பிடித்து இன்ஜின் ஏறுகிறபோது ஜன்னலோரம் உட்கார்ந்து, பேச வேண்டியதைப் பேசலாம், பேசாமலும் இருக்கலாம்.

மேலே போனதும் வர்க்கி. கடித்தால் மேலெல்லாம் உதிருகிற, அடுக்கடுக்கான வர்க்கி. 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. விறகு அடுப்பில் சுடுவதும், பழைய முறையில் புளிக்க வைக்கிற மாவும் அதன் ருசிக்குக் காரணம். அந்த மலைக் குளிரும் ஒரு காரணம் என்று நான் நினைக்கிறேன். அடுக்கு வர வேண்டுமானால் நெய்யோ வனஸ்பதியோ மாவுக்குள் உருகாமல் தனியாக நிற்க வேண்டும். மதுரை சித்திரை வெயிலில் அது பிசைகிற கையிலேயே உருகிவிடும். அதனால் அடுக்கு வேலை எதுவானாலும் நாங்கள் மார்கழி தையில், விடியற்காலையில்தான் செய்கிறோம்.

மலை ஊரில் கேக் சுடுவதும் தனி விஷயம். உதகை சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மதுரையில் இருப்பதைவிட அங்கே காற்றின் அழுத்தம் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு குறைவு. தண்ணீர் 93 டிகிரிக்குள்ளேயே கொதித்துவிடும். நம் ஊர் அளவையே அங்கே கலந்து வைத்தால், மேலிருந்து அமுக்குகிற காற்று குறைவாக இருப்பதால், உள்ளே இருக்கும் வாயு வேகமாக உப்பிக்கொண்டு மேலே வந்துவிடும். கேக்கின் உடம்பு வெந்து இறுகுவதற்குள் உப்பி முடிந்து, நடுவில் பள்ளம் விழுந்துவிடும். பேக்கிங் பவுடரைக் குறைக்க வேண்டும், சர்க்கரையையும் ஒரு கைப்பிடி குறைத்து, சூட்டைக் கொஞ்சம் கூட்ட வேண்டும். நீலகிரியிலும் கொடைக்கானலிலும் இருக்கிற நேயர்கள் கீழே இருப்பவர்களின் குறிப்பை அப்படியே பின்பற்றிவிட்டு, எனக்குக் கை வரவில்லை என்று வருத்தப்படாதீர்கள். உங்கள் கையில் குறை இல்லை.

இப்போது எனக்கு ரொம்பப் பிடித்த ஊர், தலச்சேரி. கோவை போய், அங்கிருந்து மங்களூர் பக்கம் போகிற ரயிலில் ஏறினால் பாலக்காடு, கோழிக்கோடு தாண்டி வரும். கிரிக்கெட், சர்க்கஸ், கேக் என்று மூன்றைச் சொல்லிப் பெருமைப்படுகிற ஊர். அங்கே மாம்பள்ளி பாப்பு என்று ஒருவர் இருந்தார். பர்மாவில் பிஸ்கட் செய்யக் கற்றுக்கொண்டு வந்து, 1880-இல் தலச்சேரியில் பிஸ்கட் பேக்கரி ஆரம்பித்தார். அந்தக் கதையை ஊர்க்காரர்கள் சொல்கிறபடியே சொல்கிறேன்.

1883. பக்கத்தில் அஞ்சரக்கண்டியில் பட்டைத் தோட்டம் வைத்திருந்த பிரவுன் என்ற ஆங்கிலேயர், இங்கிலாந்திலிருந்து ஒரு கிறிஸ்துமஸ் கேக்கோடு பாப்புவிடம் வந்தார். அதுவரைக்கும் பாப்பு கேக் செய்ததில்லை. பிரவுன் ஒரு துண்டைக் கொடுத்து, இதை மாதிரி செய்ய முடியுமா என்று கேட்டார். எப்படிச் செய்வது என்று தனக்குத் தெரிந்ததைச் சொல்லி, திராட்சை, பேரீச்சை, கோகோ எல்லாம் கொடுத்தார். பக்கத்தில் இருக்கிற மாஹே அப்போது பிரெஞ்சுக்காரர் ஊர், அங்கே பிராந்தி வாங்கிச் சேர்க்கவும் சொன்னார்.

பாப்பு என்ன செய்தார் தெரியுமா? பக்கத்துத் தர்மடத்தில் ஒரு கொல்லரிடம் போய் அச்சு செய்து வாங்கினார். மசாலாவுக்கு மலபாரில் பஞ்சமா? பிராந்தியை விட்டுவிட்டு, முந்திரிப் பழமும் கதலிப் பழமும் புளிக்கவைத்து எடுத்த உள்ளூர்ச் சரக்கைச் சேர்த்தார். டிசம்பர் 20-ஆம் தேதி கேக்கைக் கொண்டுபோய்க் கொடுத்தார். பிரவுன் சாப்பிட்டுப் பார்த்து, தான் சாப்பிட்டதிலேயே மிக நல்ல கேக்குகளில் ஒன்று என்று சொல்லி, இன்னும் ஒரு டஜன் கேட்டாராம்.

இந்தக் கதையை எங்கள் வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் நான் சொல்வேன். ஒரு துண்டைத் தின்று பார்த்து, வாய்வழியாகக் கேட்டதையும் தன் நாக்கையும் நம்பி, அதுவரை செய்தே பார்க்காத கேக்கைச் செய்துவிட்ட மனிதர் அவர். அதிலும் அந்தப் பழச் சரக்கு! சொல்லிக் கொடுத்ததை அப்படியே செய்திருந்தால் இங்கிலாந்து கேக்குக்கு ஒரு நகல் கிடைத்திருக்கும். அவர் தன் ஊரை அதற்குள் போட்டார். எங்கள் வீட்டு கிறிஸ்துமஸ் கேக்கில் நாங்கள் மதுவே சேர்ப்பதில்லை. உலர்ந்த திராட்சை, பேரீச்சை, முந்திரி எல்லாவற்றையும் கருப்பு திராட்சைச் சாற்றில் ஒரு வாரம் ஃபிரிட்ஜில் ஊறவைத்து, சர்க்கரைக்குப் பாதி கருப்பட்டி போடுகிறோம். உடன்குடிக் கருப்பட்டி. முட்டை சாப்பிடாத வீடாக இருந்தால் தயிரும் சோடா உப்பும் போதும், தயிரின் புளிப்பும் சோடாவும் சேர்ந்து கேக்கைத் தூக்கிவிடும். தயிரையும் தராசில்தான்.

தலச்சேரிக்குப் போனால் கேக் வாங்கியதும் கண்ணூர் சாலையில் முழப்பிலங்காடு கடற்கரைக்குப் போங்கள். நாலு கிலோமீட்டர் நீளத்துக்கு ஈர மணலிலேயே வண்டி ஓட்டலாம். என் வீட்டுக்காரர் ஓட்ட, நான் மடியில் கேக்கை வைத்துக்கொண்டு...

கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கை காட்டுகிறார்கள், இன்னும் ஒரு நிமிடம்தான் இருக்கிறதாம். புதுச்சேரியைப் பற்றி நிறையச் சொல்ல வைத்திருந்தேன். காலை ஆறு மணிக்கெல்லாம் வெள்ளை நகரத் தெருக்களில் நடந்துவிட்டு, மொறுமொறு தோலோடு இருக்கிற நீள ரொட்டியைச் சூடாக வாங்கிக் கடற்கரையில் பிய்த்துச் சாப்பிடுங்கள். கிறிஸ்துமஸ் சமயம் என்றால் விவிக்கம் என்ற ரவை கேக்கைக் கேட்டு வாங்குங்கள். ரொட்டி அளவை மட்டும் சொல்லிவிடுகிறேன்: மைதா 500 கிராம், தண்ணீர் 350, உப்பு 10, ஈஸ்ட் கால் டீஸ்பூன். சனிக்கிழமை இரவு பிசைந்து, மூடி ஃபிரிட்ஜில் வையுங்கள். நம் ஊர்ச் சூட்டில் வெளியே வைத்தால் அவசரமாகப் பொங்கிவிடும், ருசி வராது. காலையில் எடுத்து உருட்டி, ஒரு மணி நேரம் விட்டு, ஓவன் எவ்வளவு சூடு தாங்குமோ அவ்வளவு சூட்டில் வையுங்கள். உள்ளே ஒரு கிண்ணத்தில் கொதிநீர் இருக்கட்டும், ஆவிதான் தோலுக்கு... சரி, நேரம் ஆகிவிட்டது. நன்றி, வணக்கம்.